அண்ணன் அனுப்பிய தைம் இலை

பூண்டி
11-2-1979

அண்ணனுக்கு லீமா எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நான் எதையும் கேட்டு எழுதவில்லை. ஒரு சின்னச் சந்தேகம், அதை உங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் போர்டிங் ஸ்கூல் கிச்சனுக்குப் பின்னால், கோழிக்கூண்டை ஒட்டி, கோழி ரோஸ்ட்டில் வாசனைக்குப் போடுகிற தைம் செடி இருக்குமே, அதில் ஒரு கிளையை ஒடித்து ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். இங்கே வந்து அவர் அதைப் பூண்டுக் காட்டு வரப்பில் நட்டார். பிழைக்காது என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷத்தில் வரப்பு முழுக்கப் படர்ந்து கெட்டியாகக் கிடக்கிறது. இந்த ஊரில் யாருக்கும் அதன் பேர் தெரியாது. ஓம வாசம் அடிக்கிறதென்று என் மாமியார் காளியாயி அதை ஓமச்செடி என்கிறார். மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறது.

போன மாதம் ஒரு கட்டு அறுத்து வெயிலில் காயவைத்தேன். காய்ந்தது, ஆனால் வாசனையே இல்லை. அடுத்த கட்டை அடுப்புக்கு மேலே பரணில் போட்டேன். அது பூஞ்சை பிடித்துப் புகை நாற்றம் அடித்தது. நான் உங்கள் கிச்சனில் காய் நறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் இதை நீங்கள்தான் காயவைப்பீர்கள், யாரையும் தொட விடமாட்டீர்கள். அதனால் எனக்கு வேலை தெரியாமல் போய்விட்டது.

எப்படிக் காயவைப்பது, எதில் எவ்வளவு போடுவது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அவர் நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் கொஞ்ச நாளாக ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. குளிர்தான் காரணமாக இருக்கும்.

லீமா


கோடைக்கானல்
22-2-1979
(தபால் கார்டு)

கடிதம் வந்தது.

பூப்பதற்கு முன்னால் அறுக்க வேண்டும். பனி ஈரம் காய்ந்த பிறகு அறு. வெயிலில் போடக்கூடாது. சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, காற்றோடும் நிழலில் தலைகீழாகத் தொங்கவிடு. அடுப்புச் சூடு படலாம், புகை படக்கூடாது. காம்பு பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இலையை உருவி, இறுக மூடும் டப்பாவில் வை. பொடிக்காதே. போடும்போது உள்ளங்கையில் கசக்கிப் போடு. பச்சை இலை போடுகிற இடத்தில் காய்ந்தது மூன்றில் ஒரு பங்கு. கொதி வரும்போதே போட வேண்டும், இறக்கும்போது போட்டால் வைக்கோலைத் தின்ற மாதிரி இருக்கும். கூடினால் கசக்கும்.

கார்டில் இவ்வளவுதான் இடம்.

சூசைமாணிக்கம்


பூண்டி
18-3-1979

அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். இந்த முறை இலை பச்சை மாறாமல் காய்ந்தது. முதலில் பூண்டு ரசத்தில் ஒரு சிட்டிகை கசக்கிப் போட்டேன். அவர் இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தார். மறுநாள் கோழி அறுத்தபோது மாமியார், அந்த ஓமச்செடியை இதில் போட்டால் எப்படி இருக்கும் என்று அவராகவே கேட்டார். உருளைக்கிழங்கு வறுவலிலும் போட்டேன், அதுதான் எனக்குப் பிடித்தது.

இனிமேல் கார்டில் எழுத வேண்டாம் அண்ணா. தபால்காரர் பொன்னுவேல் அதை வாசலில் நின்று உரக்கப் படித்தார். இருபக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, சௌக்கியமான்னு கேட்டு ஒரு வார்த்தை இல்லையே” என்றார். மாமியார் உள்ளேதான் இருந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

மூச்சு வாங்குவது குளிரால் இல்லை. எனக்கு இது நாலாம் மாதம்.

இதை எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். போன வருஷம் ஆவணியில் எனக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பிள்ளை செத்துப் பிறந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் போகிற லாரி டிரைவர் சேனாதிபதியிடம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினோம். கிச்சன் வாசலில் வந்து சொன்னேன் என்றார். நீங்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டீர்களாம். சரி என்று மட்டும் சொன்னீர்களாம். நான் பதினைந்து நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

இங்கே வருகிற சுகாதார நர்ஸ் அன்னக்கொடி என் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தமே இல்லை என்கிறார். போன தடவையும் அதனால்தான் போயிருக்கும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

லீமா


கோடைக்கானல்
2-4-1979

லீமாவுக்கு,

இன்லண்டில் எழுதுகிறேன். இதை யாரும் வாசலில் நின்று படிக்க முடியாது.

சேனாதிபதி வந்து சொன்னது உண்மை. நான் சரி என்றதும் உண்மை. உள்ளே எண்பது பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு ஆகவேண்டியிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

நீயும் ஒன்றை நினைத்துப் பார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உன்னை நான்தான் வளர்த்தேன். உனக்குக் கல்யாணம் முடித்த பிறகு எனக்கு என்று இருந்தேன். கேரட்டும் பூண்டும் கொண்டுவந்து போட்டவன் அழகுமலை. அவனுக்கு என் கையால் டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பழனியில் போய்த் தாலி கட்டிக்கொண்டு வந்து இருவரும் கிச்சன் வாசலில் நின்றபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அடித்தேன். அவன் திருப்பி அடித்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நின்று வாங்கிக்கொண்டு போனான்.

இருக்கட்டும். ரத்த விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் பள்ளிக்கு உணவுச் சத்துக்களைப் பற்றிப் படித்த ஒரு அம்மா வந்து, கிச்சன் ஆட்களை உட்காரவைத்துப் பேசினார். எந்தச் சாமானில் என்ன சத்து என்று போர்டில் எழுதிக்கொண்டே போனார். ரத்தத்துக்கு வேண்டியது இரும்புச் சத்து. கீரையில் இவ்வளவு, ஈரலில் இவ்வளவு என்று எழுதிவிட்டு, கடைசியில் காய்ந்த தைமை எழுதினார். நூற்றிருபதுக்கு மேல். ஈரல்கூடப் பக்கத்தில் வரவில்லை. காயும்போது சில சத்து போய்விடும், இரும்பும் சுண்ணாம்பும் போகாது என்றார். இத்தனை வருஷம் வாசனைக்கென்று கோழிக்குள் திணித்துக்கொண்டிருந்ததில் இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. நீ அதே செடியை வரப்பில் வைத்துக்கொண்டு ரத்தமில்லை என்கிறாய்.

நான் காயவைத்ததில் ஒரு பெரிய டப்பா சேனாதிபதியிடம் கொடுத்தனுப்புகிறேன். தினமும் சேர்த்துக்கொள். பட்டர் பீன்ஸ் வேகும்போதே ஒரு சிட்டிகை போடு. முட்டை அடிக்கும்போது உப்போடு சேர்த்துக் கசக்கிப் போடு. கொள்ளு ரசம், ஆட்டெலும்புச் சாறு இரண்டுக்கும் ஒத்துப்போகும். பால் சேர்ந்த எதிலும் கொஞ்சமாகப் போடு. மீனுக்கு எலுமிச்சம்பழத்தோடு. உனக்கு அங்கே மீன் எங்கே கிடைக்கப்போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சூசை


பூண்டி
6-5-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

டப்பா வந்தது. சேனாதிபதி லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, “லீமா, ஒங்க அண்ணன் சீரு அனுப்பிருக்காரு” என்று கத்திக்கொண்டே வந்தார். தெருவே எட்டிப் பார்த்தது. இந்த ஊருக்கு வந்த நாளாக எனக்குப் பிறந்தவீடு இல்லை என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. மற்ற மருமகள்களுக்குத் தை மாசம் அரிசியும் வெல்லமும் வரும். எனக்கு அன்றைக்கு டப்பா நிறையத் தைம் வந்தது. மாமியார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

நீங்கள் எழுதியதெல்லாம் செய்கிறேன். பட்டர் பீன்ஸில் அவ்வளவு ருசி. கேழ்வரகுக் களிக்கு வைக்கிற குழம்பிலும் போட்டேன். அதில் கொஞ்சம் கூடிப்போய்க் கசந்தது, ஆனால் நானே முழுக்கச் சாப்பிட்டுவிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் இலையைக் கொதிக்கவைத்து ஒரு டம்ளர் குடிக்கிறேன். அன்னக்கொடி வந்து சிவப்பு மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் தின்றால் குமட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் இலை இருக்கும்போது அது எதற்கு? அன்னக்கொடியிடமும் அப்படித்தான் சொன்னேன். என் அண்ணன் இங்கிலீஷ் ஸ்கூலில் பெரிய சமையல்காரர், அவருக்குத் தெரியும் என்றேன். அவர் பையை மூடிக்கொண்டார்.

இப்போது நன்றாக இருக்கிறேன். மூச்சு வாங்குவதெல்லாம் குறைந்துவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உங்கள் தங்கை
லீமா


கோடைக்கானல்
10-6-1979

லீமா,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதியதைப் படித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. கிச்சனில் எல்லாரிடமும் சொன்னேன். என் தங்கைக்குத் தைம் இலையிலேயே ரத்தம் ஊறிவிட்டது என்று. இன்னொரு டப்பாவும் காயப்போட்டிருக்கிறேன். சீசன் கூட்டம், பெற்றோர்கள் வந்து போகிறார்கள், ரோஸ்ட்டுக்கே இலை பற்றவில்லை. ஆனாலும் உனக்கு எடுத்துவைத்துவிட்டேன்.

மேலே உள்ளதை எழுதி இரண்டு நாள் ஆகிறது. ஒட்டாமல் வைத்திருந்தேன்.

இன்று காலை அழகுமலை கேரட் மூட்டையோடு வந்தான். இரண்டு வருஷமாக வேறு ஆளைத்தான் அனுப்புவான். நான் அவனைப் பார்க்காத மாதிரி மூட்டையைத் தராசில் வைக்கச் சொன்னேன். வைத்தான். போகாமல் நின்றான். என்ன என்று கேட்டேன்.

“லீமா மண்ணு திங்குதுங்க. சுவத்தைச் சொரண்டித் திங்குது. சொன்னாக் கேக்க மாட்டேங்குது” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நீ நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாயே, அது என்ன? எனக்கு உடனே பதில் எழுது.

சூசை


கோடைக்கானல்
17-6-1979

லீமாவுக்கு,

நீ பதில் எழுதுவதற்குள் இதை எழுதுகிறேன். வெரசாகப் படி.

எங்கள் பள்ளி கிளினிக் நர்ஸம்மாவிடம் போனேன். மண் தின்பதைச் சொன்னேன். ரத்தம் ரொம்பவும் குறைந்தவர்களுக்குத்தான் அந்த ஆசை வரும் என்றார். மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டார். இல்லை, தைம் சாப்பிடுகிறாள், அதில் நூற்றிருபது இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கு நூறு கிராம் இலைக்கு, நீங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார்.

அந்த அம்மா போர்டில் அதையும் எழுதித்தான் இருந்தார். தலைப்பிலேயே எழுதியிருந்தார். நான் பார்த்தேன், மனதில் வைக்கவில்லை.

கிச்சனுக்கு வந்து, நீ போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை எடுத்துத் தராசில் போட்டேன். முள் அசையவில்லை. ஒரு கரண்டி போட்டேன், அப்போதும் அசையவில்லை. நூறு கிராம் காட்டும்வரை அள்ளி வைத்தேன். தட்டில் குன்று மாதிரி நின்றது. ஒரு ஆள் ஒரு வருஷத்தில் தின்கிற அளவு. அதை ஒரே நாளில் தின்றால் மனிதன் வயிறு தாங்காது. இலையில் இருக்கிற இரும்பு ஈரலில் இருப்பதைப் போல உடம்பில் எளிதில் ஒட்டவும் ஒட்டாதாம். நீ தினமும் குடிக்கிற டம்ளரில் இருப்பது வாசனைதான் லீமா.

தைம் கெடுதல் இல்லை. சமையலுக்கு அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் அது மருந்து இல்லை. அதை மருந்து என்று உனக்கு எழுதியவன் நான்.

அன்னக்கொடி கொடுத்த மாத்திரையை இன்றே சாப்பிடு. குமட்டினால் சோற்றுக்குப் பிறகு சாப்பிடு. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. டீயை அதோடு குடிக்காதே. ஈரல் கிடைத்தால் சாப்பிடு. பதில் வராவிட்டால் நான் அங்கே வருவேன்.

சூசை


பூண்டி
1-7-1979

அண்ணனுக்கு,

இரண்டு கடிதமும் வந்தது. ரோடு சேறாகி லாரி வராததால் இரண்டும் ஒன்றாக வந்தன.

நீங்கள் வர வேண்டாம்.

வருவதாக இருந்தால் எப்போதோ வந்திருக்கலாம். இப்போது என்னைப் பார்த்துப் பதறிக்கொண்டு வருவது எனக்கு வேண்டாம். இந்த வீட்டில் என் அண்ணன் என்று நான் சொல்லி வைத்திருப்பது வேறு. அவர் வருகிற அன்று வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக வருவார் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்து இவரைப் பார்க்காமல் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போக நினைத்தால், நான் வரமாட்டேன்.

இலையில் ஒன்றும் இல்லை என்று இவர்களிடம் எப்படிச் சொல்வேன்? டப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாத்திரை சாப்பிடுகிறேன். காலில் வீக்கம் மட்டும் இருக்கிறது. கொஞ்ச நேரம் எழுதினால் கை

மறுபடி எழுதுகிறேன்.

லீமா


மதுரை ஆஸ்பத்திரி
5-8-1979

அண்ணா,

பக்கத்துக் கட்டில் அக்காவிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். நீங்கள் லீவு முடிந்து மலைக்குப் போய்விட்டீர்கள் என்று இவர் சொன்னார். குழந்தை இன்றைக்குத்தான் என் பக்கத்தில் வந்தது. முயல் குட்டி அளவுதான் இருக்கிறாள். பால் குடிக்கிறாள், குடித்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். காதைச் சுண்டினால் மறுபடி குடிக்கிறாள்.

எனக்கு நீங்கள் வீட்டுக்குள் வந்ததுவரைதான் தெரியும். உங்களுக்குக் காப்பி போட எழுந்தேன். அதற்குப் பிறகு இங்கேதான் கண் விழித்தேன். இவரிடம் கேட்டால், எல்லாம் நல்லபடி முடிந்தது என்கிறார், வேறு பேச மாட்டேன் என்கிறார். என்ன நடந்தது என்று நீங்களாவது எழுதுங்கள். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாமல் ஊருக்கெல்லாம் தெரிந்திருப்பது ஒரு மாதிரி இருக்கிறது.

லீமா


கோடைக்கானல்
14-8-1979

அன்புள்ள லீமாவுக்கு,

நீ வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உன் எழுத்து கோட்டை விட்டுக் கீழே கீழே சரிந்திருந்தது, ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. அதனால் கடிதம் கிடைத்த மறுநாளே கிளம்பினேன். நீ சொல்லி வைத்திருந்த மாதிரி வேட்டி கட்டிக்கொண்டேன். பழம் வாங்கத் தோன்றவில்லை.

பஸ் நிற்கிற கவுஞ்சியிலிருந்து நடந்து வந்தேன். உன் மாமியார்தான் கதவைத் திறந்தார். யார் என்று கேட்கவில்லை. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் உதடும் முகமும் ஒரே நிறமாக இருந்தன. காப்பி போடுகிறேன் என்று இரண்டடி வைத்தாய், அப்படியே சரிந்துவிட்டாய். நான் பிடிப்பதற்குள் உன் மாமியார் பிடித்துவிட்டார்.

உன் தலையை மடியில் வைத்துக்கொண்டே அவர் இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து என் முன்னால் போட்டார். அவிழ்த்தால் சிவப்பு மாத்திரைகள். அரிசிப் பானைக்கு அடியில் நீ ஒளித்து வைத்திருந்தவை. அன்றைக்குக் காலையில்தான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

“இந்தாங்க, ஒங்க தங்கச்சி திங்காத மாத்தரை. எங்க அண்ணன் எலையில எல்லாம் இருக்குன்னு சொல்லும். நானும் நம்பிட்டேன்” என்றார்.

நீ எனக்கு எழுதின பொய்யை அவரிடமும் சொல்லியிருக்கிறாய். நான் உன்மேல் கோபப்பட நினைத்தேன். யாருக்காக அந்தப் பொய் என்று அந்த முடிச்சைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அழகுமலை காட்டிலிருந்து ஓடி வந்தான். சேனாதிபதி முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் ஏற்றிய மூட்டைகளைக் கீழே உருட்டிவிட்டார். உன்னைக் கயிற்றுக் கட்டிலோடு லாரியில் ஏற்றினோம். மேடு பள்ளத்தில் ஆடாமல் இருக்க ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான் கட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தோம். பூம்பாறைக்கு வருவதற்குள் என் கை மரத்துவிட்டது. அவன் என் பக்கத்துக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்தான். கோடைக்கானல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் ஏற்றாமல் பிரசவம் பார்க்க முடியாது, அந்த வசதி கீழேதான் இருக்கிறது, உடனே கொண்டுபோங்கள் என்றார். அதே லாரியில் மதுரைக்கு இறங்கினோம்.

அங்கே எங்கள் மூன்று பேர் ரத்தத்தையும் சோதித்தார்கள். என்னுடையது சேரவில்லை. அழகுமலையுடையதும் சேரவில்லை. சேனாதிபதியுடையது சேர்ந்தது. உனக்கு உறவும் இல்லை, ஒரே சாதியும் இல்லை, ஒரே வேதமும் இல்லை. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு படுத்தார். எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு, முட்டைக்கோஸ் வாடிவிடும் என்று லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் குழந்தை பிறந்தது. அதுவரை நானும் அழகுமலையும் வராந்தாவில் ஒரே பெஞ்சில்தான் இருந்தோம். அவன் என்னிடம் ஒன்று சொன்னான். அதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் அதுவும் பொய்யாகப் போகும்.

“மச்சான், நீங்க அன்னைக்கு அடிச்சது எனக்கு வலிக்கல. மொதப் புள்ளையை நான் ஒத்தையாப் பொதைச்சேன். அப்ப நீங்க வராததுதான் இன்னும் வலிக்குது” என்றான்.

நான் போய் அவனுக்கு ஒரு டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

டாக்டர் சொன்னதை மட்டும் செய். மாத்திரையை நிறுத்தாதே.

சூசை


கோடைக்கானல்
3-2-1980

லீமாவுக்கு,

குழந்தையின் காதுகுத்துக்கு அழைத்து நீ எழுதியதும், அழகுமலை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனதும் சேர்ந்து வந்தன. தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைப்பது என்று எனக்குத் தெரியும். நம்மிலும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

நான் வரவில்லை. இந்துக் கோயில் என்பதற்காக இல்லை, நம் சர்ச் சாமியாரிடம் கேட்டாகிவிட்டது. எனக்கு அந்த வீட்டு வாசலில் நிற்க முகம் இல்லை. ஒரு பிள்ளை போனபோது வரவில்லை. இன்னொரு பிள்ளை போகப் பார்த்ததற்கு நான் காரணம். இப்போதும் கோழி ரோஸ்ட்டுக்குத் தைம் டப்பாவைத் திறந்தால் கை நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருக்கிறவனைப் போடச் சொல்கிறேன். அவன் இரண்டு பங்கு போட்டுவிடுகிறான், பிள்ளைகள் கசக்கிறது என்கிறார்கள்.

தோடு வாங்கி அழகுமலையிடம் கொடுத்திருக்கிறேன். யாராவது ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிடுங்கள்.

சூசை


பூண்டி
17-2-1980

அன்புள்ள அண்ணனுக்கு,

தோட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். மாமியார் விடவில்லை. மாமன் வந்து கொடுக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார்.

தைம் என்ன பாவம் செய்தது? நீங்கள் அதை ரத்தம் என்று நினைத்தீர்கள், நான் அதைப் பிறந்தவீடு என்று நினைத்தேன். இரண்டுமே அதற்குத் தாங்காத பாரம். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ரசத்தில் போடுகிறேன், ருசிக்கு. பட்டர் பீன்ஸில் மாமியாரே போட்டுவிடுகிறார், என்னைவிட அளவு நன்றாகத் தெரிகிறது. மாத்திரையை நான் விழுங்குகிறவரை எதிரே நின்று வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். அன்னக்கொடி போன வாரம் இமையை இழுத்துப் பார்த்து, பரவாயில்லை என்றார். பரவாயில்லைதான், நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னும் ஏற்றத்தில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்துதான் ஏறுகிறேன். குழந்தைக்குச் சளி பிடித்தால் இரண்டு பேரும் தூங்குவதில்லை. இதையெல்லாம் மறைக்காமல் எழுதுவது என்று இருக்கிறேன்.

அதனால் இதையும் எழுதுகிறேன். பூண்டுக் காட்டுக்கு மேலே ஒரு மூலையில் முதல் பிள்ளை இருக்கிறது. அந்தப் பதினைந்து நாளை நான் உங்களுக்கு மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். வந்த பிறகுதான் நீங்கள் வர வேண்டும் என்றால் பிள்ளைக்குக் கல்யாண வயதாகிவிடும். நான் மன்னிப்பதற்காக இல்லை, அவளுக்கு மாமன் வேண்டும் என்பதற்காக வாருங்கள். நீங்கள் வராவிட்டால் குத்துவதாக இல்லை என்று இவர் பெரியவர்களிடம் சொல்லிவிட்டார்.

காதுகுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. சனிக்கிழமையே வந்துவிடுங்கள். பஸ் கவுஞ்சியோடு நின்றுவிடும். அங்கே இவர் காத்துக்கொண்டிருப்பார். அங்கிருந்து வீடுவரை நல்ல தூரம் இருக்கிறது. பேச வேண்டியதைப் பேசிக்கொண்டு வாருங்கள். பேச வராவிட்டால், பேசாமலாவது ஒன்றாக நடந்து வாருங்கள்.

லீமா